முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

அம்மா போனது 2012 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் ஒன்பதாவது, தம்பி நாலாவது. அப்பா அதற்கு ஆறு வருடம் முன்பே வீட்டைவிட்டுப் போனவர், எங்கே இருக்கிறார் என்று இன்றுவரை தெரியாது. காரியம் முடிந்த மறுநாள் மாமா எங்களைப் புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் ஏற்றினார். முள்ளோடை எல்லை தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்டில் சாராய பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் போலீஸ்காரர் எங்கள் பையைப் பிரித்தார். அம்மாவின் இரண்டு புடவையும் அவர் பேர் வெட்டின ஒரு எவர்சில்வர் குண்டானும்தான் இருந்தன.

சுமார் 20 கிலோமீட்டர்தான், ஆனால் அது வேறு அரசாங்கம். இது எங்களுக்குப் போகப் போகத்தான் உறைத்தது. டிசி கேட்டால் அப்பா கையெழுத்து எங்கே என்றார்கள். மாமா இறப்புச் சான்றிதழைக் காட்டி, இனி நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, அதுவும் மூன்றாவது தடவை போனபோதுதான் கிடைத்தது. மாமா கொத்தனார், போன நாளெல்லாம் கூலி போச்சு. ஒரே ஆறுதல், அப்போது புதுச்சேரிப் பள்ளிகளிலும் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம்தான், அதனால் படிப்பு அறுந்துபோகவில்லை. தம்பிக்குத்தான் குறை, அங்கே காலையில் பள்ளியில் பால் கொடுப்பார்கள், இங்கே இல்லையே என்று.

ரேஷன் அட்டைதான் பெரிய இழுவை. எங்கள் பேர் அம்மாவின் சிவப்பு அட்டையில் இருந்தது. அங்கே நீக்கிச் சான்று வாங்கினால்தான் இங்கே மாமா அட்டையில் சேர்ப்பார்கள். அங்கே போனால் குடும்பத் தலைவி வரவேண்டும் என்றார் ஒருவர். அவர் இறந்ததால்தானே வந்திருக்கிறோம்! சாதிச் சான்று தனிக்கதை, அப்பா வழிக் காகிதம் இல்லாமல் நகரவே இல்லை, அதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. இப்போது யாராவது இந்த நிலையில் இருந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதியாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பேர் நீக்கலுக்கு மனு போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் நான் பயந்தது அத்தைக்கு. அம்மாவும் அத்தையும் நாலு வருடமாகப் பேச்சில்லை. மாமா பெண்ணின் காதுகுத்தில் அம்மா சாப்பிடாமல், சொல்லிக்கொள்ளாமல் போனார், அதுதான் சண்டை. இருந்ததே இரண்டு அறை, அதற்கு முந்தின டிசம்பரில் ‘தானே’ என்ற புயல் பிய்த்துப்போட்ட கூரைக்குப் புதுசாகப் போட்ட ஷீட், அந்தக் கடனே தீரவில்லை. அதில் நாங்கள் வேறு. இன்னொரு தோசை வேண்டும் என்று கேட்காதே என்று தம்பியை இரவில் கிள்ளிச் சொல்லி வைத்திருந்தேன். அவன் ஒருநாள் பசியில் அழுதபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. அத்தை என்னைத்தான் பிடித்தார். "உங்கம்மா ரோஷம் அப்படியே வந்திருக்கு உனக்கு. என் வீட்ல புள்ளைங்க பட்டினி கிடந்தா ஊர்ல யாரைச் சொல்வாங்க?" என்று கத்தினார். ஆயா, எங்கள் பாட்டி, நடுவில் வந்து இருவரையும் திட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் பரண் மேல் நான் ஒளித்து வைத்திருந்த அம்மாவின் குண்டான் அடுப்பில் இருந்தது. அத்தையின் பழைய குண்டானில் ஆறு பேருக்குச் சோறு பத்தாதாம்.

பிப்ரவரியில் எங்கள் பேர் அட்டையில் ஏறியது. மாமா அன்று வேலைக்குப் போகாமல் வெள்ளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அத்தை வரவில்லை, அவருக்குக் கடல் காற்று ஆகாது.

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. தலைதீபாவளிக்குப் போனபோதும் அத்தை அதே குண்டானில் சோறு வடித்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இவங்கம்மா எங்க வீட்டு விசேஷத்துல கைநனைக்காம போனவ, தெரியுமா தம்பி?"