கருப்பட்டிப் பாகு ஒருவழியாகப் பதத்துக்கு வந்தது

நேற்று மாலை நானும் மனைவியும் சேர்ந்து பிடித்துவைத்த, சிறுபயறும் தேங்காயும் இனிப்பும் சேர்ந்த முந்திரிக்கொத்து உருண்டைகள், இன்று காலையில் விரலால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்கு இறுகியிருக்கின்றன. மூன்றை மட்டும் எடுத்து, மாவுக் கரைசலில் முக்கி, ஒன்றோடொன்று ஒட்டும்படி எண்ணெயில் விட்டுப் பார்த்தோம். மேல்தோல் வெடிக்கவில்லை, பூரணம் கசியவில்லை. மண்டைவெல்லத்தில் எப்போதும் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இந்தப் பலகாரம் கருப்பட்டியில் மட்டும் பிடிகொடுக்காமல் இருந்ததால், அந்த மூன்றும் முழுசாக வெந்து மேலே மிதந்தபோது எங்கள் இருவருக்கும் உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

சிறுபயறு வறுப்பது, கொரகொரப்பாகத் திரிப்பது, தேங்காய்ப்பூவை ஈரம் போகச் சிவக்க வறுப்பது ஆகியவை இதைச் செய்கிற எல்லோருக்கும் தெரிந்தவைதாம். அரைக் கிலோ பயற்றுக்கு அரைக் கிலோ கருப்பட்டி என்பதே எங்கள் கணக்கு. பாடுபடுத்துவது பாகு. பதநீர்க் காலம் கோடையோடு முடிந்துவிடுவதால், கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கிடைப்பது மாதக்கணக்கில் கிடங்கில் இருந்த கருப்பட்டியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கியிருக்கும். அந்த ஈரத்தோடு வழக்கமான அளவு தண்ணீரும் சேர்ந்தால், பாகு பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே நீர் மிஞ்சிவிடுகிறது. அந்த நீரே சுடும் எண்ணெயில் ஆவியாகி, மேல்மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

ஆகவே இந்த முறை கருப்பட்டியைத் தட்டி, மூழ்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிய துணியில் மண்ணும் தும்பும் போக வடிகட்டி, அடிகனமான உருளியில் மிதமான தீயில் வைத்தோம். முதலில் வருகிற நுரை வெளுத்து, உயர எழும்பி, பொங்கி வழியப் பார்க்கும். அதைப் பதம் என்று எண்ணி இறக்கிவிடக் கூடாது. அந்த நுரை அடங்கிய பிறகு, கறுத்துப் பளபளக்கும் பெரிய குமிழிகள் மெதுவாக எழுந்து ‘தப் தப்’ என்று உடையத் தொடங்கும். அங்கிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு பரவினால் இன்னும் காயவேண்டும். அடியில் நூலாகக் கிடந்தாலும் போதாது. விரலால் கூட்டும்போது கரையாமல் திரண்டு, மெழுகு போல இளக்கமாக உருண்டு வந்தால் அந்தக் கணமே இறக்கிவிட வேண்டும். அதைத் தாண்டவிட்டால் உருண்டை கடிபடாது.

இந்த வேலையை ஒருவரே செய்வது மிகக் கடினம் என்பது என் கருத்து. நான் கிளறிக்கொண்டே இருப்பேன். கிண்ணத்து நீரில் விரல் விட்டுப் பதம் பார்ப்பது மனைவி. அவள் “இறக்குங்க” என்று சொன்னதும் உருளியைத் தூக்கி மாவில் நான் ஊற்ற, எள்ளையும் ஏலம், சுக்குப் பொடியையும் தூவி அவள் கிண்ட, சூடு ஆறுவதற்குள் இருவருமாக உருட்டிவிடுவோம். உள்ளங்கை சிவந்துபோகும், ஆனாலும் ஆறவிட்டால் மாவு உதிர்ந்துவிடும்.

தூக்குகிற வேலை முழுவதும் இந்த ஆண்டு என்னுடையதாக ஆனதற்குக் காரணம் உண்டு. மனைவியின் மார்பில் தென்பட்ட ஒரு கட்டிக்காகச் சென்ற வாரம் பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள்; முடிவு இன்னும் வரவில்லை. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். விசுவாசம் இருந்தால் கவலையே வராது என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் சிலர் சொல்லுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வேதாகமத்தின் 77ஆம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் தூங்க முடியாமல், பேசவும் முடியாமல் கலங்குகிறான். அந்தக் கலக்கத்தைத் தேவனிடமே சொல்லுகிறான். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவராகிய இயேசுவே வியாகுலப்பட்டுத்தான் ஜெபித்தார். ஆகவே கவலையை மறைத்துக்கொண்டு துதிப்பதைவிட, அதை வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொடுப்பதே வேதம் காட்டும் வழி என்று நாங்கள் நம்புகிறோம்.

அதை அடுப்படியிலேயே செய்யத் தொடங்கியிருக்கிறோம். பயறு வறுக்கிற நீண்ட நேரத்தில் யாருக்கு எந்தப் பயம் எழுந்தாலும் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். மற்றவர் அறிவுரை சொல்லாமல் அந்தப் பயத்தைக் குறித்து ஒரே ஒரு வாக்கியம் ஜெபிக்க வேண்டும். பிறகு கரண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். “பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குப் பயம்” என்று அவள் சொன்னது பயறு பொரிந்து மணம் வரத் தொடங்கிய நேரத்தில். அதுவரை நான் பயந்துகொண்டிருந்தது வேறொன்றுக்கு. இரவுக் குடும்ப ஜெபத்தில் “உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்கிற 1 பேதுரு 5:7ஐ வாசித்து, பகலில் சொன்னவற்றை மறுபடியும் பேர் சொல்லி வைக்கிறோம். கவலை விடியற்காலையில் திரும்பி வருவதும் உண்டு. அப்போது ஒருவரையொருவர் எழுப்பத் தயங்குவதில்லை.

கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிச் சரக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. உடைத்துப் பார்த்து, உட்புறம் சீனிப் பரல் போல மினுங்கினால் விட்டுவிடுங்கள். சீனி கலந்த கருப்பட்டியில் மணமும் வராது, பாகும் ஒரு சீராகக் காயாது. வருகிற ஆண்டு சித்திரை, வைகாசியிலேயே புதுச் சரக்கை வாங்கி, ஓலைப்பெட்டியில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அச்சு முறுக்குக்குப் பழைய வெண்கல அச்சு ஒன்றும் கைக்கு வந்திருக்கிறது. அதை எண்ணெயில் பழக்கியெடுப்பது தனிக் கதை.

மீதமுள்ள உருண்டைகளை நாளை பொரிக்க வேண்டும். பச்சரிசியை ஊறவைத்துத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்து அரைப்பதா, கடை மாவையே கரைத்துக்கொள்வதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை. அரைத்த மாவே மெல்லிய தோலாக மொறுமொறுவென்று நிற்கும் என்பது அவள் கட்சி. அரிசியை இப்போதே களைந்து ஊறவைத்துவிட்டாள்.