பத்து கிலோமீட்டருக்கும் இருபத்தைந்து ரூபாய்

மாணவர்கள் தாங்களே இழுத்துப் பார்க்கிற கணித வரைபடங்கள் செய்வது என் வேலை. பகுதி பகுதியாக வரையறுக்கும் சார்பை விளக்க, 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொண்டேன். முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய்.

வரைந்தது டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கருவியில். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலிலிருந்து அதற்குச் சமன்பாடுகளை லேடெக் வடிவில், அதாவது கணிதக் குறிகளை \ குறியோடு தொடங்கும் கட்டளைகளாக எழுதும் முறையில், அனுப்ப வேண்டும். கட்டணத்துக்கான மாறிக்கு 'ஃபேர்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தேன். டெஸ்மோஸ் அதை எஃப், ஏ, ஆர், இ நான்கின் பெருக்கலாக எடுத்துக்கொண்டது. கடைசி இ-க்கு, கணித மாறிலியான 2.718... என்ற மதிப்பு வேறு. முதலெழுத்தை மட்டும் மேலே விட்டு மற்றதைக் கீழ்க்குறியாக்கினால்தான் ஒரே பெயர். ≤ குறிக்கான கட்டளையும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் அதன் ஒற்றை \ குறியை விழுங்கிவிட, எல், இ என்று இரண்டு எழுத்துகள் மிஞ்சின. \\ என்று இரட்டையாகப் போட்டேன்.

இவையெல்லாம் உடனே கண்ணில் பட்டுவிடும். அடுத்தது படவில்லை.

பாடத்தைச் சரிபார்க்கும் கணித ஆசிரியை ஸ்லைடரை 10-க்கு இழுத்தார். "தம்பி, பத்து கிலோமீட்டர் போனாலும் இருபத்தஞ்சு ரூபாதானா?" என்றார். வரைபடத்தில் புள்ளி 123.40-இல் சரியாக நின்றது. பக்கத்தில் கட்டணத்தைச் சொல்லும் எழுத்தில் மட்டும் 25.

இரண்டு இடத்திலும் நான் எழுதியது ஒரே நிபந்தனை: தூரம் 0-க்கு மேல், 1.8-க்குள். 0 < தூரம் ≤ 1.8 என்று கணிதத்தில் எழுதுவதுபோல ஒரே தொடராக எழுதினால் டெஸ்மோஸ் புரிந்துகொள்ளும். அந்த எழுத்தைக் கணக்கிட்டதோ ஜாவாஸ்கிரிப்ட். அது முதலில் 0 < தூரம் என்பதை மட்டும் பார்த்து, உண்மை என்று முடிவு கட்டும். பிறகு அந்த 'உண்மை'யை 1 ஆக்கி 1.8-உடன் ஒப்பிடும். பொய்யாக இருந்தால் 0. இரண்டுமே 1.8-க்குள்தானே! எந்தத் தூரத்துக்கும் நிபந்தனை நிறைவேறிவிடும். பிழைச் செய்தியே வராது என்பதுதான் எனக்கு இன்றும் பயம். அந்த ஆசிரியை பார்த்திருக்காவிட்டால் பிள்ளைகள் தவறான கணக்கை நம்பியிருப்பார்கள்.

நிபந்தனையை இரண்டாகப் பிரித்து, நடுவில் 'இரண்டும் உண்மையாக வேண்டும்' என்று சொல்லும் && போட்டேன். அவரே மறுபடி இழுத்தார்: 1, 1.8, 1.9, 10. 1.8-இல் கொஞ்சம் நிறுத்தி, கோடு உடையாமல் திரும்புகிறதா என்று திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.