"ஃப்ரேர்" என்றால் "திரு" அல்ல: ஒரு விசாவுக்காகச் சென்னைக்கு இரண்டு பயணம்

"நீங்கள் துறவியா, குடும்பஸ்தரா? முதலில் அதைச் சொல்லுங்கள் சார்."

சென்னை விசா மையத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விரலில் மோதிரம் கிடக்கிறது. விண்ணப்பத்தில் 'மணமானவர்' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறேன். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவியின் பெயர் அச்சாகியிருக்கிறது. அவர் பதில் பேசவில்லை. அழைப்புக் கடிதத்தை என் பக்கம் திருப்பி, என் பெயருக்கு முன்னால் இருந்த ஒரு சொல்லின் அடியில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டார். 'ஃப்ரேர்.' "பிரெஞ்சில் இதற்குச் சகோதரர் என்று பொருள். மடத்துச் சகோதரர்" என்றார். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அந்தச் சொல்லை அங்கே வைத்தவன் நானேதான். யாரையும் குறை சொல்ல முடியாத தவறு என்பதால் இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

நான் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டில், மான்ட்ஃபோர்ட் புனித கபிரியேல் சகோதரர்கள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். பத்தொன்பது வருடம் ஆகிறது. நான் மாணவனாக இருந்த காலத்தில் எந்த வகுப்புக்குப் போனாலும் வெள்ளை அங்கி போட்ட ஒரு பிரதர் நின்றுகொண்டிருப்பார். இப்போது சகோதரர்கள் இல்லத்தில் இருப்பவர்கள் மூன்றே பேர். தலைமையாசிரியர் ஒருவர், கணக்கு வழக்கு பார்ப்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற பெரிய பிரதர் ஒருவர். மற்றபடி பள்ளியை ஓட்டுகிறவர்கள் துறவறம் ஏற்காத, எங்களைப் போன்ற பொதுநிலையினர். பிரதர்கள் குறைந்தாலும் பள்ளியின் நோக்கம் குறையக் கூடாது, அதை இனிமேல் ஆசிரியர்கள்தாம் சுமக்க வேண்டும் என்று பல நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்து, நிறுவனரின் கல்லறை இருக்கும் ஊரிலேயே பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். பிரான்சின் வாந்தே பகுதியில் சேன் லொராஞ் சூர் செவ்ர் என்ற சின்ன ஊர். எங்கள் பள்ளியிலிருந்து இதற்கு முன் போனவர்கள் எல்லாருமே பிரதர்கள். சம்பளப் பட்டியலில் இருந்து போகும் முதல் ஆள் நான்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. பதிவுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல், முன்பு போய்வந்த பிரதர் ஒருவரின் படிவத்தை மாதிரிக்கு வாங்கினேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் மாற்றினேன். பெயருக்கு முன்னால் இருந்த 'ஃப்ரேர்' என்பதை மட்டும் 'திரு' என்று நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன். நான் எழுதிக்கொடுத்தபடியே அங்கிருந்து கடிதம் வந்தது. வந்த கடிதத்தை, பிரெஞ்சு தெரிந்தவராயிற்றே என்று, பெரிய பிரதரிடம் காட்டவும் செய்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "அருமையாக எழுதியிருக்கிறார்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டதற்கு, "பார்த்தேன். பாசத்தில் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றார். எண்பத்தாறு வயது மனிதரிடம் இதற்கு மேல் என்ன பேச முடியும்?

சரி, கவுண்டருக்கு வருகிறேன். கடிதம் மட்டும் இல்லை. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சேலையே அவிழும் என்பதுபோல, அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். சேலத்தில் ஒரு ஏஜெண்டிடம் படிவம் நிரப்பக் கொடுத்திருந்தேன். பயண நோக்கம் என்ற இடத்தில் அவர் 'சுற்றுலா' என்று குறித்திருந்தார். கடிதமோ பயிற்சி என்கிறது. அவரே எடுத்துக்கொடுத்த பயணக் காப்பீட்டில் என் பாஸ்போர்ட் எண்ணின் கடைசி இலக்கம் 8. உண்மையில் அது 3. காப்பீட்டுத் தொகை குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும் என்பதை மட்டும் சரியாகப் பார்த்திருந்த நான், எண்ணைப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார்! வங்கியின் மூன்று மாதக் கணக்கு விவரம் முதல் பக்கத்தில் மட்டும் முத்திரையோடு இருந்தது. எல்லாப் பக்கத்திலும் வேண்டுமாம்.

அவர் எரிந்து விழவில்லை, உதவவும் இல்லை. "இப்படியே வாங்கிக்கொள்கிறேன் சார். குறை இருக்கிறது என்று சொல்லியும் கொடுத்தேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மறுத்தால் கட்டணம் திரும்ப வராது" என்றார். குறுகிய கால விசாவுக்கு 90 யூரோ கட்டணம், அதற்கு மேல் சேவைக் கட்டணம். பின்னால் வரிசையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். கொடுத்துவிட்டுக் கடவுள் மேல் பாரத்தைப் போடலாம் என்றுகூடத் தோன்றியது. காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். குறையோடு கொடுத்து மறுப்பு வாங்கிவிட்டால், அடுத்த முறை 'முன்பு விசா மறுக்கப்பட்டதா' என்று கேட்கும் இடங்களிலெல்லாம் ஆம் என்று எழுத வேண்டியிருக்கும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாலைக் கடைசி பஸ்ஸை நம்பி இறங்காதீர்கள். மூடுபனி இறங்கிய நாளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் நாற்பதாகிவிடும். என் முதல் பயணத்தன்று ஐந்தாவது வளைவில் லாரி ஒன்று பழுதாகி நின்றதால், சேலம் ஜங்ஷனுக்கு ஓடித்தான் ரயிலைப் பிடித்தேன். பெயர்தான் ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஏற்காட்டுக்குத் தண்டவாளமே கிடையாது. விடிவதற்கு முன்பே அது சென்னையில் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடும், அலுவலகம் திறக்கும்வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி காப்பியை வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாமல் எப்போது துறவற வார்த்தைப்பாடு கொடுத்தீர்கள்?" என்றாள். அன்று இரவு அவள் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லி இரண்டு பேரும் சிரித்தது எனக்குக் கேட்டது.

திருத்திய கடிதம் நான்கே நாளில் வந்துவிட்டது. இந்த முறை 'முஸ்யூ', அதாவது உண்மையான 'திரு'. அதோடு, தங்கும் இடம், சாப்பாட்டுச் செலவு யாருடையது என்ற வரியும் சேர்ந்து வந்தது. முதல் கடிதத்தில் அது இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நீங்களும் உங்கள் அழைப்புக் கடிதத்தில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். விமான டிக்கெட்டுக்குப் பள்ளி பணம் கொடுக்கிறது என்றால், பள்ளி அப்படித் தனியாக ஒரு கடிதம் தர வேண்டும், கையெழுத்துப் போட்டவரின் அடையாள அட்டை நகலும் வேண்டும். தலைமையாசிரியர் பிரதர், தாளாளரும் அவரே. தடையில்லாச் சான்றும் அவரே கொடுத்தார், செலவுக் கடிதமும் அவரே கொடுத்தார். "நானே நானென்று நாலு கடிதம்" என்று அலுத்துக்கொண்டே முத்திரை குத்தினார். வங்கியில் மேலாளர் விடுப்பு என்று ஒரு நாள், பிரிண்டர் ஓடவில்லை என்று ஒரு நாள். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் நிறப் பின்னணி. சேலம் ஐந்து ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்தார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

உண்மையான போராட்டம் விளக்கக் கடிதத்தோடு. ஒரு மலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் பிரான்சில் ஒரு கிராமத்துக்கு எதற்காகப் போக வேண்டும் என்பதை நான் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். 'சுற்றுலா' குளறுபடிக்குப் பிறகு இந்தக் கடிதம்தான் உயிர். பெரிய பிரதரிடம் உதவி கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 1673இல் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் நிறுவனர் லூயி மரி பிறந்ததில் தொடங்கினார். அந்தப் பிரெஞ்சுப் பாதிரியாரின் முழு வாழ்க்கையும் வந்தது: கால்நடையாகவே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம், லா ரொஷேலில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத பள்ளிகள், 1716இல் சேன் லொராஞ்சில் பிரசங்கத்துக்குப் போன இடத்திலேயே மரணம். மூன்றாவது பக்கத்தில்தான் இந்தியா வந்தது.

"இதை விட்டுவிடலாமா பிரதர்?" என்று நான் கேட்ட இடம் 1904. அந்த வருடம் பிரான்சில் துறவற சபைகள் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1901இலேயே சபைகள் மீது கெடுபிடிச் சட்டம் வந்துவிட்டது. சொந்த நாட்டில் கரும்பலகை முன்னால் நிற்க வழியில்லாமல் போன சகோதரர்கள் கப்பலேறினார்கள். 1901இல் ஐந்து பேர் பாங்காக் போய் அசம்ப்ஷன் கல்லூரியை ஏற்றார்கள். அதில் இலேர் என்ற இளைஞர் தாய் மொழியைப் படித்து, கடைசியில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அவர்கள் மொழியில் பாடநூல் எழுதினார். 1903இல் புதுச்சேரிக்கு வந்தார்கள். 1917இல் ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. "அவர்கள் சட்டத்தால்தான் நீ ஏ, பி, சி படித்தாய். அதை அவர்களுக்கே ஞாபகப்படுத்த வேண்டாமா?" என்பது பெரிய பிரதரின் வாதம்.

விசா கேட்கிற இடத்தில் நூற்றிருபது வருடத்துப் பழைய சண்டையை இழுக்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்டிவிட்டேன். கடைசியில் கடிதத்தில் நின்றது இவ்வளவுதான்: சபையின் பள்ளிகளில் இப்போது வகுப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் பொதுநிலை ஆசிரியர்கள், நிறுவனர் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதை என் பள்ளியில் நான் தொடர்ந்து நடத்த இந்தப் பயிற்சி தேவை, முடிந்ததும் இன்ன தேதியில் திரும்பி வந்து பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் பாடம் எடுக்க வேண்டும். மூன்றாவது வரியைத் தலைமையாசிரியர்தான் சேர்க்கச் சொன்னார். திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது என்று காட்டுவதற்கு, நூறு பிள்ளைகளின் பொதுத்தேர்வைவிடப் பெரிய சான்று எது? எழுதிவிட்டுப் படித்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வரியை அதற்கு முன் நான் எங்கேயும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வருடம் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோன காப்பித் தோட்டத்துப் பையன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். அவனை நான் தேடிப் போகவில்லை. பெரிய பிரதர்தான் ஊன்றுகோலோடு ஜீப் பிடித்துப் போய் அழைத்துவந்தார்.

இரண்டாவது முறை ஒன்பது நாள் கழித்து நேரம் கிடைத்தது. முன்பதிவுக்குக் கடைசி நேரம்வரை காத்திருக்காதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் வந்தால் வாங்க மாட்டார்கள். நகல்களைச் சேலத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பக்கத்துக்கு அவர்கள் கேட்கும் பணத்தில் இங்கே தட்டுவடை செட் சாப்பிடலாம். அதே பெண்தான் இருந்தார். புதிய கடிதத்தைப் பார்த்தார். 'முஸ்யூ' என்ற இடத்தில் பென்சில் முனை ஒரு நொடி நின்றது, பிறகு நகர்ந்தது. "இப்போது சரியாகிவிட்டீர்கள் சார்" என்றார். கைரேகை வைத்தேன். நான்கு விரலும் முதல் முறையே பதிந்தன; கட்டைவிரல் மட்டும் சாக்பீஸ் தேய்ந்த கை என்பதாலோ என்னவோ மூன்று முறை எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் கூரியர் வந்தது. இடைவேளையில், ஆசிரியர் அறையில் நின்றபடியே உறையைக் கிழித்தேன். ஒரு முறை நுழையலாம், பதினைந்து நாள் தங்கலாம். நேராக இல்லத்துக்குப் போனேன். பெரிய பிரதர் வராந்தாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து, விசா ஒட்டிய பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"பதினைந்து நாள்தானா?" என்றார். "1904ஐ வெட்டாமல் இருந்திருந்தால் வெட்கப்பட்டு ஒரு மாதம் கொடுத்திருப்பார்கள்."