பீடித்தட்டுக்கு எதிரே ஒரு வாசிப்பு

நெல்லைச் சீமையில், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து ஊர்களில் தொடக்கப்பள்ளிக்கு வேலைக்கு வரும் ஆசிரியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வீட்டில் பீடி சுற்றும் தாய்மார் இலை வாங்கவும் சுற்றியதைக் கொடுக்கவும் போகும் பீடிக்கடையின் நேரத்தை. கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்தக் கிழமை கூலி போடுகிறார்கள், இலையும் தூளும் எப்போது தருகிறார்கள் என்பதெல்லாம் தெரியாமலும் பாடம் நடத்தலாம். ஆனால் நடத்திய பாடம் ஏன் ஏறவில்லை என்பது கடைசிவரை விளங்காது. நான் வேலை பார்ப்பது அப்படி ஒரு ஊரில், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில். ஊர் வாயில் அது கோயில் பள்ளிக்கூடம். மாதா கோயில் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் அந்தப் பெயர்.

ஆர்.சி. பள்ளி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பாளையங்கோட்டையின் பெரிய கட்டடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1923-இல் தொடங்கிய சவேரியார் கல்லூரி, பெரிய பெரிய மேல்நிலைப் பள்ளிகள், விடுதிகள். கிராமத்துப் பள்ளி வேறு மாதிரி. எங்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடப்புத்தகமும் சீருடையும் அரசு தருகிறது, கட்டடமும் நிர்வாகமும் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஓடு மாற்றவேண்டும், கழிப்பறைக்குக் கதவு போடவேண்டும் என்றால் பங்குச்சாமியாரிடம் போய் நிற்போம். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பில் சொல்வார். பழைய மாணவர் ஒருவர் மும்பையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ பணம் அனுப்புவார். ஊர்க் கொத்தனார் கூலி வாங்காமல் ஒரு நாள் வந்து நிற்பார். பள்ளி இப்படித்தான் நடக்கிறது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படும் என்பதால் மே மாதமே வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். அந்த நடையைச் சுமையாக நான் நினைத்ததில்லை. பிள்ளையின் வீட்டைப் பார்க்க அதைவிட நல்ல காரணம் கிடையாது.

பிள்ளைகளில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர் அல்லாதவர்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் பாடவேளையில் மற்றவர்களுக்கு நீதிபோதனை. அந்த நேரம் தவிர வேறெதிலும் பிரிவு கிடையாது. ஆகஸ்ட் 15 எங்களுக்கு இரண்டு திருநாள். மாதா விண்ணேற்புப் பெருவிழாப் பூசை முடிந்து வெளியே வந்தால் பள்ளிக் கொடிக்கம்பத்தில் தேசியக்கொடி. பூசைக்கு வராத பிள்ளைகளும் அன்று காலை குளித்து, எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

பசியைப் பற்றிச் சொல்லாமல் படிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. காமராசர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம்தான். ஊர்க்காரர்கள் தந்த அரிசியிலும் காய்கறியிலும் தொடங்கிய திட்டம் அது. "எங்க காலத்துல சோத்துக்குத்தான் பள்ளிக்கூடம் போனோம்" என்று இங்குள்ள ஆச்சிகள் கூச்சமில்லாமல் சொல்வார்கள். மதியச் சோறு நிலைத்துவிட்டது. காலைதான் காலியாக இருந்தது. பீடி சுற்றும் வீட்டில் காலை அடுப்பு சீக்கிரம் எரியாது. முந்தின நாள் சுற்றியதைக் கட்டி, எண்ணி, கடை திறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்து, இலை வாங்கி வந்த பிறகுதான் தாய்க்கு மூச்சு விட நேரம். பிள்ளை ஒரு கிளாஸ் தேயிலையோடும் இரண்டு வரிக்கியோடும் வரும். பத்தரை மணிக்குக் கண் சொருகும். 2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தபோது, அடுத்த ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொங்கல் சாப்பிட்டதை எங்கள் பிள்ளைகள் கதையாகக் கேட்டார்கள். "நமக்கு எப்ப டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளில் எங்களைப்போன்ற ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. அதன் பிறகு முதல் பாடவேளையில் கை தூக்கும் பிள்ளைகள் கூடியதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

வயிறு நிறைந்தும் வாசிக்க வராத பிள்ளைகள் இருந்தார்கள். நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றித்தான்.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் சொல்கிறோம். எழுத்தே தெரியாத பிள்ளைக்கும் பத்தி வாசிக்கிற பிள்ளைக்கும் ஒரே பாடத்தைத் திணிக்கிற கொடுமை அதனால் குறைந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதை ஆசிரியர்தான் தேடிப் போகவேண்டும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. அரும்பிலிருந்து நகரவே இல்லை. தனி எழுத்தெல்லாம் தெரியும். 'பட்டம்', 'மரம்' வாசிப்பாள். 'கொக்கு' வந்ததும் விரலை ஒற்றைக்கொம்பில் வைத்து "கெ" என்பாள், விரல் நகர்ந்து துணைக்கால்மேல் வந்ததும் "ர" என்பாள், கடைசியில் "கெரக்கு". தப்பு அவள்மேல் இல்லை. காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன. கொம்பு முன்னால் நின்றுகொண்டு ஓசையைப் பின்னால் சேர்க்கச் சொல்கிறது. 1711-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த வீரமாமுனிவர்தான் குறிலுக்கு ஒற்றைக்கொம்பு, நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்று வேறுபடுத்தித் தந்தவர் என்பார்கள். நம் பக்கத்தில் இருந்த சாமியார் போட்ட கொம்பு இது என்று சொன்னால் பிள்ளைகள் ஆசையாகப் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு ஆசையும் இருந்தது, அட்டையில் பயிற்சியும் கொடுத்தோம். இன்று பழகினால் நாளைக்கு மறந்துபோகும். வகுப்பில் அவள் முறை வந்து சத்தமாக வாசிக்கக் கிடைப்பது சில நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் அந்த எழுத்து அவள் வாயில் வருவதே இல்லை.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். தாய் திண்ணையில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி, மடியில் தட்டு வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். இலையை எடுக்கிறாள், தூளைப் பரத்துகிறாள், உருட்டுகிறாள், நூல் சுற்றி அறுக்கிறாள். கண் தட்டில் இல்லை, என் முகத்தில் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிய பீடிக்கு முனை மடக்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கொண்டுபோனது.

"வாங்க டீச்சர், இருங்க. இவ படிக்க மாட்டேங்காளா?"

"படிக்கத்தான் செய்யுதா. வீட்ல வாசிக்காளாம்மா?"

"நான் என்னத்தக் கண்டேன் டீச்சர். எனக்கு எழுத்து தெரியாது. அவ சரியா வாசிக்காளா தப்பா வாசிக்காளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தப்பு கண்டுபிடிக்க வேண்டாம்மா. கையி பாட்டுக்குச் சுத்தட்டும். காத மட்டும் அவளுக்குக் குடு. வெளங்கலன்னா, 'வெளங்கல, திரும்ப வாசி'ன்னு சொல்லு. அது போதும்."

அவள் சிரித்துவிட்டு, "காது சும்மாதான இருக்கு" என்றாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற வீடுகளுக்கும் போனேன். மலபாரில், கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளில், ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்க வாசிப்பதும் மற்றவர்கள் அவருடைய பங்குப் பீடியைச் சேர்த்துச் சுற்றிக்கொடுப்பதும் பல காலம் வழக்கமாக இருந்தது. அங்கே தொழிலாளர்கள் ஒரே கூடத்தில் சேர்ந்திருந்தார்கள். இங்கே ஒவ்வொரு பெண்ணும் தன் திண்ணையில் தனியாக இருக்கிறாள். வாசித்துக் காட்ட அவளுக்கு வாய்க்கக்கூடிய ஒரே ஆள் அவள் பெற்ற பிள்ளைதான். எழுத்துத் தெரியாத தாய் பிள்ளையின் படிப்புக்கு உதவ முடியாது என்று நாம் சொல்லிச் சொல்லி அவர்களையே நம்பவைத்துவிட்டோம். வாசிக்கும் பிள்ளைக்கு முதல் தேவை கேட்கிற ஆள். திருத்துகிற ஆள் பள்ளியில் இருக்கிறோம்.

பெற்றோர் கூட்டத்தையும் மாற்றவேண்டியிருந்தது. வேலைநாளில் பிற்பகல் கூப்பிட்டால் வருகிறவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். ஒரு மணி நேரம் எழுந்து வந்தால் அத்தனை பீடி போச்சு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஞாயிறு பூசைக்குப் பின் வைக்கலாம் என்றார், கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார். அப்படி வைத்தால் கோயிலுக்கு வராத தாய்மார் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று தலைமையாசிரியையான சிஸ்டர் ஒரே பிடியாக நின்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம், பள்ளி வராந்தாவில், தட்டோடு வரலாம் என்று முடிவாயிற்று. பள்ளிக்குள் பீடித்தட்டா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. புகையிலைத் தூள் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது எனக்கும் தெரியும். வராந்தாவின் காற்றோட்டமான ஓரத்தில் தாய்மார், தள்ளி எதிர்ப்பக்கம் பிள்ளைகள் என்று உட்காரவைத்தோம். வீட்டிலும் வாசற்படியில் உட்கார்ந்து வாசிக்கவேண்டும், தட்டுப் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலேயே பீடித்தொழில் தடைப்பட்டியலில் இருந்தது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்வதற்கு விலக்கும் இருந்தது. அந்த விலக்கின் வழியாகத்தான் முனை மடக்கும் வேலை எத்தனையோ பிள்ளைகளின் விரலுக்கு வந்தது. கையில் புத்தகம் இருந்தால் அந்த நேரத்துக்காவது விரல் முனை மடக்காது. இதைத் தாய்மாரிடம் நேராகவே சொன்னேன். ஒருத்தியும் கோபித்துக்கொள்ளவில்லை.

எல்லா வீட்டிலும் பலித்தது என்று சொல்லமாட்டேன். சீரியல் தொடங்கிவிட்டால் பிள்ளையின் குரல் எடுபடாது. அதற்கு முன்பே முடிக்கச் சொன்னோம், சில வீடுகளில் முடிந்தது. தாயும் தகப்பனும் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட, காது மந்தமான ஆச்சியோடு இருக்கிற பையனுக்கு வழி தெரியாமல் இருந்தது. அடுத்த வீட்டுத் தாய், "இவனும் எம் புள்ளையோட சேந்து வாசிக்கட்டும் டீச்சர், ரெண்டு பேரு வாசிச்சாலும் எனக்கு அதே காதுதான்" என்று சேர்த்துக்கொண்டாள். அவள் இந்து, அவன் கத்தோலிக்கன், வேறு வேறு தெருக்காரர்கள். தெரு என்றால் என்ன என்று இந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

நான் நினைத்தே பார்க்காதது ஒன்றும் நடந்தது. ஒரு தாய் வந்து, "புஸ்தகத்த மூஞ்சில ஒட்டிவச்சு வாசிக்கான் டீச்சர், எல்லாப் புள்ளையும் அப்படியா?" என்று கேட்டாள். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பையன் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லியே ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். பங்குச்சாமியார் ஏற்பாட்டில் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். கண்ணாடி போட்டு வந்த அன்று கரும்பலகையில் இருந்த தேதி முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்தான்.

கணக்குக்கு எங்களுக்கு அசனம் இருக்கிறது. திருவிழாவில் ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு அரிசி வருகிறது, காய் வருகிறது. மாதா கோயிலுக்குள் வராத வீடுகளிலிருந்தும் வருகிறது. ஐந்தாம் வகுப்பை, ஒரு படி அரிசி எத்தனை பேருக்குக் காணும் என்று சமையல்காரரிடம் கேட்டு வரச்சொன்னேன். ஆளுக்கொரு பதிலோடு வந்தார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு, வயலில் வேலை செய்கிற ஆளுக்கு ஒரு கணக்கு என்று சமையல்காரர் விளக்கியிருக்கிறார். அன்றைக்குச் சராசரி என்பதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

'கெரக்கு' என்று வாசித்த பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. கொம்பு எப்போது வசப்பட்டது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருநாள் பாடப்புத்தகக் கதையைப் பாதியில் நிறுத்தியபோது "பொறவு என்னாச்சுட்டி?" என்று தாய் கேட்டாளாம். மீதியை வாசிக்க அன்று விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்திருக்கிறாள். அதன் பின் பள்ளி அலமாரியில் இருக்கிற கதைப்புத்தகங்களை வாரம் ஒன்றாக எடுத்துப் போகிறாள்; திருப்பித் தரும்போது கதையைப் பற்றித் தாய் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறாள். போன மாதம் அந்தத் தாய் கூட்டத்துக்கு ஒரு சின்ன நோட்டோடு வந்தாள். கடையில் எத்தனை பீடி கொடுத்தாள், எத்தனை கழித்தார்கள், எத்தனைக்குக் கூலி வந்தது என்று தேதிவாரியாகப் பிள்ளையின் கையெழுத்தில் இருந்தது.

"வாய்க்கணக்கா இருக்கச்சில கடையில சொன்னதுதான் டீச்சர் கணக்கு. இப்பம் நோட்டக் காட்டுதேன்."

மற்ற தாய்மார் நோட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதேபோல் கட்டம் போட்டுத் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சிஸ்டர் நோட்டுக்குப் பணம் தந்துவிட்டார்கள். கட்டம் போடுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன். அளவுகோல் பிடிக்கும் பாடம் இந்தப் பருவத்தில் எப்படியும் இருக்கிறது.