திரும்பும்போது தெரியும் நடை

பரிசோதனை அறையில் பார்க்கின்சன் நோயாளிகள் பலர் நன்றாகவே நடந்து காட்டுவார்கள். முதுகு நிமிரும், அடி கொஞ்சம் நீளும். கூட வந்த மனைவிதான் பொறுக்காமல், "வீட்ல இப்படி இல்லீங்க, வாசப்படி கிட்ட வந்தா கால் தரையோட ஒட்டிக்குது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இந்த நோயில் யோசிக்காமல் தானாக நடக்கும் திறன்தான் முதலில் கெடுகிறது. கவனம் முழுக்க நடையில் இருந்தால் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். அதனால்தான் நடந்துகொண்டே 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணச் சொல்கிறோம். கவனம் கணக்குக்குப் போனதும் நிஜ நடை வந்துவிடும்.

நடையை அளக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில், உடம்பில் கட்டும் சென்சார் என்றால் நடை வேகத்தைத் துல்லியமாகச் சொல்லும் கருவி என்றுதான் எனக்கு அறிமுகம். வேகத்துக்கு ஸ்டாப்வாட்ச் போதுமே! நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரே நேரம் ஆகிறது என்று வைப்போம். ஒருவருக்கு எழுவதில் தாமதம். இன்னொருவர் திரும்பும் இடத்தில் குட்டிக் குட்டி அடிகளாக வைத்துத் தடுமாறுகிறார். விழும் ஆபத்து அங்கேதான். இடுப்பில் கட்டிய கைரோஸ்கோப்பின் (உடல் சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார்) வரைபடத்தில் நல்ல திருப்பம் ஒரே மேடாக ஏறி இறங்கும். இவருடையது ரம்பப் பல் போல உடைந்து உடைந்து வரும். மருத்துவர் நடைக்குத் தரும் 0 முதல் 4 வரையிலான மதிப்பெண்ணில் இவ்வளவு விவரம் அடங்காது.

சென்சாரைக் கட்டுவதும் ஒரு வேலைதான். லூசான பேன்ட்டுக்கு மேல் பட்டையைச் சுற்றினால், துணி ஆடுவதையும் சேர்த்துப் பதிவு செய்துவிடும். இடது வலது மாறினால் இன்னும் மோசம். இந்த நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்குகிறது, கை வீச்சு எந்தப் பக்கம் குறைந்திருக்கிறது என்பதே முக்கியமான தகவல்.

இதற்கெல்லாம் முன்னால் நான் கேட்கும் கேள்வி: "மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?" இந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்து நடை வேறு, மருந்தின் வேகம் இறங்கிய பிறகு வரும் நடை வேறு. அந்த நேரத்தைக் குறிக்காத எண்ணை அறிக்கையில் எழுத எனக்கு மனம் வராது.

வாசப்படியில் கால் ஒட்டிக்கொள்வதுபோல உறைந்து நிற்பதைச் சென்சாரில் பிடிப்பதுதான் கடினம். உறையும்போது பலருக்கு முழங்கால்கள் நடுங்கும். சாதாரண நடையின் அசைவு விநாடிக்கு 3 முறைக்குள் இருக்கும், இந்த நடுக்கம் 3 முதல் 8 முறை வரை போகும். கணுக்கால் சென்சாரில் இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் உறைதல் தெரியும். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது வரும் கால் நடுக்கமும், விநாடிக்கு 4 முதல் 6 முறை என்று, இதே எல்லைக்குள்தான் விழுகிறது. அதையும் உறைதலாக எண்ணிவிடாமல் இருக்க, அவர் அப்போது நின்றிருந்தாரா என்று இடுப்புச் சென்சாரைப் பார்க்க வேண்டும்.

சரி, நடுக்கமே இல்லாமல் உறைபவர்கள்? சும்மா நிற்பதற்கும் அதற்கும் கருவிக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். அதனால் வீட்டுக்குச் சென்சார் கொடுத்தனுப்பும்போதே, வாசப்படியில் நிற்கும் நேரத்தில் போனில் ஒரு வீடியோ எடுத்து வைக்கும்படி குடும்பத்தாரிடம் சொல்லிவிடுகிறேன். வீடியோ நேரத்தையும் சென்சார் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அதை உறைதல் என்று எழுதுகிறேன்.