கை தேறத் தேற, கிச்சுவைக் கிச்சுவாகவே வைத்திருப்பது

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் வேலை. சிங்கப்பூரில் தமிழில் இதைச் செய்கிறவர்கள் அதிகம் இல்லை, அதனால் இப்போது வரையத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் சந்தேகம் வந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, சொந்தமா ஒரு கேரக்டர் வச்சிருக்கேன், போன வருஷம் வரைஞ்சதையும் இப்ப வரைஞ்சதையும் பக்கத்துல வச்சா ரெண்டும் வேற வேற ஆளா தெரியுது, எப்படி ஒரே மாதிரி வரையறது?" போனில் பதில் சொல்லிச் சொல்லி முடியவில்லை, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேரக்டர் மாறிப்போவது இரண்டு வகை. கை இன்னும் பழகவில்லை, ஒரு பக்கத்தில் கண் மேலே போய்விடும், அடுத்த பக்கத்தில் கீழே இறங்கிவிடும். இது ஒரு வகை, வரைய வரையச் சரியாகிவிடும். இன்னொரு வகையில் கை நன்றாகத் தேறிவிட்டது, அதனாலேயே கேரக்டர் மாறுகிறது. இது பயிற்சியால் போகாது, பயிற்சியால்தான் வருகிறது. அதனால்தான் "நிறைய வரைஞ்சா தானா வந்துடும்" என்ற அறிவுரை இந்த இடத்தில் உதவுவதில்லை, நிறைய வரைகிறவருக்குத்தான் இந்தச் சிக்கலே.

என்னுடைய கேரக்டர் ஒரு மைனா. பெயர் கிச்சு. கதை எழுதுகிறவர் வேறு, படம் நான், பல புத்தகங்களாக ஒரே பறவை. நம் ஊரில் சாப்பாட்டுக் கடைகளில் மேசைக்கு மேசை நடந்து வருமே, அந்த ஜாவா மைனா. கரும்சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு, மஞ்சள் கால், அலகுக்கு மேலே நெற்றியில் சிலிர்த்து நிற்கும் சின்னக் கொண்டை. இந்தியாவில் பார்க்கும் மைனா பழுப்பு நிறம், அதற்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்கும், இதற்கு அது கிடையாது, கண்மணியைச் சுற்றிய வளையம் மட்டும்தான் மஞ்சள். முதல் புத்தகத்தின் போது எனக்கு இவ்வளவு தெரியாது. ஒரு உருண்டை, அதன் மேல் இன்னொரு உருண்டை, இரண்டு குச்சிக் கால். அதுவே கிச்சு.

அப்புறம் பறவைகளைப் பார்த்து வரைய ஆரம்பித்தேன். தேக்கா சந்தையில் காப்பி ஆறும்வரை உட்கார்ந்து மைனாவின் காலை மட்டுமே வரைந்த காலைகள் உண்டு. பின்பக்கமாக மடங்குவது போலத் தெரிவது பறவையின் முழங்கால் இல்லை, அது கணுக்கால், உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் கை தானாகவே மாறிவிட்டது. சிட்டுக்குருவி தத்தித் தத்திப் போகும், மைனா நம்மைப் போல அடி எடுத்து வைத்து நடக்கும், நடக்கும்போது தலை முன்னே போய் வரும். பறந்தால் இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது கிச்சுவுக்கும் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை வரும். வராமல் இருக்குமா?

நூலகத்தில் ஒரு தமிழ்க் கதை நேரத்தில் பழைய புத்தகத்தையும் அப்போது வேலை நடந்துகொண்டிருந்த புதியதன் சில பக்கங்களையும் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பையன், பள்ளிக்குப் போகாத வயது, புதியதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆண்ட்டி, இது கிச்சு இல்ல. கிச்சுவோட அண்ணன்."

"ஏன்டா கண்ணா அப்படிச் சொல்ற?"

"இவன் பெரியவன் மாதிரி நிக்கிறான்."

அவ்வளவு துல்லியமான விமர்சனத்தை எந்த எடிட்டரும் எனக்குத் தந்ததில்லை. நிறம், அலகு, கொண்டை எல்லாம் அதேதான். கணுக்கால் தெரியும்படி வரைந்ததில் கால் கொஞ்சம் நீண்டிருந்தது, கால் நீண்டதும் உடம்பு நிமிர்ந்துவிட்டது, நிமிர்ந்ததும் வயசு கூடிவிட்டது. குழந்தை பார்த்தது அந்த நிற்பைத்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாப் பழைய கிச்சுகளையும் ஸ்கிரீனில் எடுத்து முழுக்கக் கறுப்பால் நிரப்பினேன், வெளிக்கோடு மட்டும் தெரியும்படி. நிழலாகப் பார்க்கும்போது எது எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது, எது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். அதிலிருந்து எழுதி வைத்ததுதான் இப்போதும் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது: தலை பாதி, உடம்பு பாதி. கண் அலகின் மட்டத்திலேயே, மேலே போகக்கூடாது. கொண்டையில் மூன்று இழை, நடு இழை நீளம், மூன்றும் முன்பக்கம் சாயும். கால் விரல்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும். ஆச்சரியப்பட்டால் அலகைத் திறக்காமல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வான். இவ்வளவுதான் கிச்சு. மீதி எதுவும் கிச்சு இல்லை, அதையெல்லாம் மாற்ற எனக்கு முழு உரிமை உண்டு. இதைக் கண்டுபிடித்த பிறகுதான் வரைவது மறுபடி சந்தோஷமாக ஆனது, ஏனென்றால் அதுவரை ஒவ்வொரு கோட்டையும் பழைய கோட்டோடு ஒப்பிட்டுப் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கடைசி விதியை, அதாவது பழக்கத்தை, பலர் கேரக்டர் ஷீட்டில், அதாவது கேரக்டரை எப்படி வரைய வேண்டும் என்று குறித்து வைக்கும் தாளில், சேர்ப்பதில்லை. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், நாலு முகபாவம், முடிந்தது. கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லட்சுமணனின் 'காமன் மேன்' 1951 முதல் பல பத்தாண்டுகள் நாளிதழில் வந்தார், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியும் நமக்கு நினைவில் நிற்கின்றன, ஆனால் அவர் வாயே திறக்க மாட்டார் என்பதும் அதே அளவு அவருடைய அடையாளம். சுற்றி எவ்வளவு கூத்து நடந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்பார். கோடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அந்த நிற்பு அவரைக் காப்பாற்றிவிடும்.

பொன்னியின் செல்வன் கல்கியில் முதலில் தொடராக வந்தபோது, 1950 முதல் 1954 வரை, மணியம் வரைந்தார். பிறகு மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் என்று வேறு வேறு கைகள் வரைந்தன. முகங்கள் ஒன்றல்ல. ஆனாலும் நந்தினியின் கொண்டையைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, கதையைப் படித்துவிட்டு வருகிறோம், பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத நாலு வயதுக் குழந்தைக்கு அந்த உதவி கிடையாது. அதற்கு உருவம்தான் பெயர். சிறுவர் புத்தகத்தில் இந்த விஷயத்தை நான் இவ்வளவு பிடிவாதமாகப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

வேலைப் பழக்கத்தில் எனக்கு உதவிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், முடிக்கப் பல வாரம் ஆகும், அந்த வாரங்களுக்குள்ளேயே கை மாறும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வரைந்தால் கடைசிப் பக்கத்துக் கிச்சு முதல் பக்கத்துக் கிச்சுவுக்குத் தூரத்துச் சொந்தமாகிவிடுவான். அதனால் நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, ஆரம்பத்தில் ஒன்று என்று கலைத்து வரைகிறேன். மாற்றம் இருந்தாலும் அது புத்தகம் முழுக்கச் சிதறிவிடும், ஒரே திசையில் நகர்வது கண்ணில் படாது. வாரக் கடைசியில் எல்லாப் பக்கத்தையும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி ஒரே ஸ்கிரீனில் வைப்பேன். யாராவது ஒரு கிச்சு கூட்டத்தில் அந்நியனாகத் தெரிந்தால் அவனை மட்டும் திருத்தினால் போதும்.

பழைய படத்தை அடியில் வைத்து அப்படியே டிரேஸ் செய்வதை நான் விட்டுவிட்டேன். அளவு சரியாக வரும், உயிர் வராது. ஷீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைய வேண்டும்.

பிரஷ் விஷயம் சின்னதுதான், ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும். ஐபேடை மாற்றினாலோ, புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் கோட்டைச் சீராக்கும் அமைப்பைக் கூட்டிக் குறைத்தாலோ, அதே கை வேறு ஆளின் கை போல ஆகிவிடும். ஒரு தொடருக்கு ஒரே பிரஷ், ஒரே கேன்வாஸ் அளவு என்று பூட்டி வைத்துவிடுங்கள்.

நிறம்கூட அப்படித்தான். கிச்சுவின் உடம்பை நான் கறுப்பாகவே வரைகிறேன். அச்சில் கறுப்பு மையை மட்டும் போட்டால் பெரிய இடங்களில் அது சாம்பல் பூத்ததுபோல் வெளிறித் தெரியும். கூடவே கொஞ்சம் சயான் என்ற நீல மை கலந்தால்தான் ஆழம் வரும். ஆனால் மெல்லிய கோட்டுக்கு அந்தக் கலவையைப் போடக்கூடாது, அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் கோட்டோரத்தில் நீலம் எட்டிப்பார்க்கும். அதனால் உடம்புக்கு ஒரு கறுப்பு, கோட்டுக்கு ஒரு கறுப்பு. இந்த இரண்டு கறுப்பின் மை அளவுகளும் ஷீட்டில் எழுதியிருக்கின்றன. இது இல்லாவிட்டால் வரைந்தது என்னவோ ஒரே கிச்சுதான், ஆனால் ஒரு புத்தகத்தில் கறுப்பு, அடுத்ததில் சாம்பல் என்று அலமாரியில் நிற்பான்.

சரி, கற்றுக்கொண்டதெல்லாம் எங்கே போகிறது? கிச்சுவைச் சுற்றிப் போகிறது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துத் தூண்களில் விழும் சாயங்கால வெளிச்சம், எம்ஆர்டி ரயில் ஜன்னல் ஓரத்தில் தூங்கும் பாட்டி, சாப்பாட்டுக் கடைத் தட்டுகள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் நன்றாக வரையலாம், யாரும் "இது வேற பாட்டி" என்று சொல்லப்போவதில்லை. உலகம் மாறவும் வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம் என்றான பிறகு மேசையில் மிச்சத் தட்டோடு காட்சி வரைந்தால் குழந்தைகளே கேட்பார்கள், "ஏன் அவங்க தட்டை எடுத்து வைக்கல?" அதனால் தட்டு வைக்கும் அடுக்கு வந்துவிட்டது, பறவை நுழையாதபடி அதில் மறைப்பும் இருக்கிறது, கிச்சு அதன் வெளியே நின்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறான். கதைக்கு அது நல்ல இடமாகவும் அமைந்துவிட்டது.

கிச்சு அடியோடு மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'பீனட்ஸ்' படக்கதைத் தொடரின் ஸ்னூப்பி 1950-ல் நாலு காலில் நடக்கும் நாய்க்குட்டியாக வந்து, அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில்தான் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தது. ஐம்பது வருடம் அதை ஒரே மனிதர் வரைந்தார், நாளுக்கு நாள் நகர்ந்ததால் வாசகர்களும் கூடவே நகர்ந்தார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. தினமும் அல்ல, ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி, ஆனால் வீட்டில் குழந்தை எல்லாவற்றையும் ஒரே நாளில் தரையில் பரப்பிப் பார்க்கும். அதனால் ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் புத்தகம் தொடங்கும் முன்பே முடிவு செய்ததாக இருக்க வேண்டும், நடுவில் வந்து சேரக்கூடாது.

இப்போது வேலை நடக்கும் கதையில் கிச்சு முதல்முறையாக உயரப் பறக்கிறான். இந்தத் தடவை இறக்கையில் அந்த வெள்ளைத் திட்டைச் சேர்த்திருக்கிறேன். இறக்கையை விரித்தால் மட்டும்தான் தெரியும், மடக்கினால் பழைய கிச்சுதான். பழைய புத்தகங்களை மறுபதிப்பில் திருத்தி வரைந்துவிடலாமா என்று பதிப்பக அக்கா கேட்டார். வேண்டாங்க்கா, அதுல அவன் பறக்கவே இல்லையே என்றேன்.