கோட்டுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மான்ட்கோமரியில் வந்திறங்கிய வாரமே வீடு தேடினேன். ஸ்ரீபெரும்புதூரில் என்னோடு வேலை பார்த்து, எனக்கு முன்பே இங்கே வந்துவிட்ட அண்ணன் ஒருவர் மேப்பில் விரலால் ஒரு கோடு போட்டார். "இதுக்கு அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி, ஸ்கூல் சரியில்லை." அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரைச் சுற்றியதில் தானாகவே புரிந்தது.

அடுத்த வருஷம் மகளுக்கு ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' பாடம். 1960இல் வந்த நாவல். கதை நடப்பது 1930களில், இதே அலபாமாவில். நானும் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன் மீது பழி. அவளுக்கு அடி பட்டது முகத்தின் வலப்பக்கம், இடக்கைக்காரன் அடித்ததுபோல. டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி ஜின்னிங் மெஷினில் சிக்கி விளங்காமல் போனது. வக்கீல் ஆட்டிகஸ் இதையெல்லாம் எடுத்துக்காட்டியும் ஜூரி குற்றவாளி என்கிறது. அவர் வெளியே போகும்போது மாடியிலிருந்த கறுப்பின மக்கள் எழுந்து நிற்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகளுக்குக் கலங்கவில்லை. "அவங்க ஏன்ப்பா மாடியில உட்காரணும்? ஆட்டிகஸ் அதைக் கேட்கவே இல்லையே?" ஜெயில் காவலர்கள் சுட்டு டாம் உடம்பில் 17 குண்டுகளோடு செத்துப்போகிறான், நாம் ஞாபகம் வைத்திருப்பதென்னவோ வக்கீலைத்தான்.

லீ பிறந்த ஊரான மன்ரோவில் (Monroeville) இங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பழைய கோர்ட் இப்போது மியூசியம். மாடியில் போய் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஊர்ப்பக்கத்துக்காரர்தான் வால்டர் மக்மில்லியன். செய்யாத கொலைக்காக 1988இல் தண்டிக்கப்பட்ட கறுப்பினத்தவர். ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்று சொல்லியும், நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். வக்கீல் பிரையன் ஸ்டீவன்சன் வாதாடி 1993இல் வெளியே கொண்டுவந்தார். நாவல் வந்து கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்தும் இப்படி.

போன மாதம் சென்னையிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்தான். வீடு காட்டச் சொல்லி அண்ணன் என்னிடம் அனுப்பிவைத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் வாடகை குறைவாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "அங்கே ஸ்கூல் எப்படிண்ணா?" என்றான்.

"தெரியலைப்பா, நான் போய்ப் பார்த்ததில்லை" என்றேன். நான் இங்கே வந்து ஆறு வருஷமாகிறது.